ஒரு விரல் தள்ளி

மார்புக் கவசத்துக்கும் மகளின் சட்டைக்கும் நடுவே அம்மாவின் உள்ளங்கை தாராளமாக நுழைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நுழைந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு விரல்கூட நுழையவில்லை.

"மூச்ச இழுத்துப் பிடிச்சிருக்கியா?"

"இல்லம்மா. விட்டுட்டுத்தான் நிக்கிறேன்."

அவள் மறுபடியும் விரலை வைத்துப் பார்த்தாள். அக்குளுக்குக் கீழே ஃபோமின் விளிம்பு சட்டையை அழுத்திக்கொண்டிருந்தது, துணி வரி வரியாகச் சுருங்கியிருந்தது. பக்கவாட்டு வாரில் ஐந்து ஓட்டைகள். ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டையில் இறுக்கி மாட்டியும் கவசம் பானை மாதிரி ஆடியது. இன்று கடைசி ஓட்டைக்கு வாரை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. முன்னறை முழுக்கப் பசை வாடை. வெளியே மழை ஜன்னல் தகரத்தின் மேல் விட்டுவிட்டுத் தட்டியது.

"குண்டாயிட்டேன் போல," என்றாள் மகள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவள் கண் கண்ணாடிப் பக்கம் போய்விட்டது.

"ரெண்டு நாள்லயா? போடி," என்றாள் அம்மா. சொன்ன பிறகும் அவள் கை வாரை விடவில்லை.

பத்தொன்பது வருஷமாகப் பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டுகிறவள் அவள். அங்கே முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை அவளை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். டேப் எடுக்காமல் கண்ணாலேயே அளவு சொல்லிவிடுவாள். தெருவில் யாராவது நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனால், ஆள் யாரென்று அவளுக்குச் சட்டென்று பிடிபடாது, தோள் பதினாறரை என்பது மட்டும் நினைவிருக்கும். பதினைந்து வயது மகளுக்கு அவள் வைத்த பட்டப்பெயர் குண்டூசி. வைத்த இடம் தெரியாது, குத்தினால்தான் தெரியும் என்பாள்.

குண்டூசி எட்டு மாதமாக அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று மூன்று மாதம் அவளை நம்பவைத்திருந்தாள் அம்மா. அவர் நாலு தெரு தள்ளி வேறு வீடு பார்த்துக் குடிபோய்விட்டார் என்பது பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி மூலமாகத்தான் குண்டூசிக்குத் தெரியவந்தது. அன்றைக்கு அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. "இனிமே என்கிட்ட பொய் சொல்லாத. சொன்னா அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள். அப்புறம் ம், வேண்டாம், சரி என்ற மூன்று வார்த்தையில் குடித்தனம் நடந்தது.

அந்தச் சமயத்தில்தான் குண்டூசி வரவழைத்த அட்டைப்பெட்டி வந்தது. மேலே ஒட்டியிருந்த படத்தில் ஏதோ கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் கோட்டைக் காவல்காரி. அவளுடைய கவசத்தை வீட்டிலேயே செய்துகொள்வதற்கான மொத்தச் சாமானும் அதற்குள் இருந்தது. விரல் தடிமனில் கறுப்பு ஃபோம் தகடுகள், துண்டுகள் வரைந்த காகிதங்கள், பசை, வார், பக்கிள், வெள்ளிப் பெயிண்ட். பள்ளியில் மாறுவேடப் போட்டி, அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு. ஃபோமை நேராக வெட்ட முடியாமல் இரண்டு துண்டைக் கெடுத்த பிறகு குண்டூசி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, கொஞ்சம் வெட்டித் தர்றியா?"

எட்டு மாதத்தில் முதல் கேள்வி. மாஸ்டர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தலைகால் புரியாமல் ஓடினாள்.

"கோட்டு மேலயே வெட்டணும்மா. எக்ஸ்ட்ரா விடக் கூடாதுன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கான்," என்று குண்டூசி படித்துக் காட்டினாள். சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே அம்மா கத்தியை எடுத்தாள். எடுத்தது அவள்தான், வெட்டியது கை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வெட்டிய கை அது. வளர்கிற உடம்புக்கு எப்போதும் ஒரு விரல் தள்ளி வெட்டிய கை. மார்பு, முதுகு, தோள், கை, தொடை, தலை என்று எல்லாம் வெட்டி முடித்து, மிச்சத் துண்டுகளைப் பொறுக்கும்போதுதான் பார்த்தாள். ஒரு துண்டிலும் கோடு விளிம்பில் இல்லை. எல்லாக் கோடும் ஒரு விரல் உள்ளே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல்முறை மாட்டிப் பார்த்தபோது அது தொளதொளவென்று ஆடியது.

"கோட்டுலதானே வெட்டின?"

"கோட்டுலதான்," என்றாள் அம்மா.

வாயிலிருந்து வந்துவிட்டது. யோசித்துச் சொன்னதில்லை. வீட்டில் மறுபடி ஒரு பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது, அதை அவள் எதற்காகவும் கைவிடத் தயாராக இல்லை. அப்படியானால் நான்தான் ஒல்லி என்று குண்டூசி கவசத்துக்குள் குதித்துக் காட்டிச் சிரித்தாள்.

புதன்கிழமை மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் டேப்பை எடுத்தாள். மார்புக் கவசம் முன்னறை அலமாரிக் கதவில் தடித்த ஹேங்கரில் தொங்கியது. வெளிச்சுற்றை அளந்தாள். காகிதத்தில் இருந்த அளவு, அதன்மேல் முன்துண்டிலும் பின்துண்டிலும் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு விரல். அவள் வெட்டியபடி சரியாக இருந்தது. பிறகு டேப்பை உள்ளே விட்டு, ஃபோமோடு ஒட்டி வளைத்து, உள்சுற்றை அளந்தாள். தடிமனைக் கழித்துப் பார்த்தாள். கணக்கு உதைத்தது. இன்னொரு முறை அளந்தாள். வெளியே இருந்த நான்கு விரல் உள்ளே இல்லை.

டேப்பை வைத்துவிட்டுக் கையை விட்டாள். ஃபோம் தொட்டால் காய்ந்த ரொட்டி போல நறநறவென்று இருக்கும், எத்தனை தகடு வெட்டியிருக்கிறாள், அவளுக்குத் தெரியாதா. இங்கே வழுவழுவென்று இருந்தது. இளஞ்சூடாக இருந்தது. பசை வாடைக்கு அடியில் வேறொரு வாடையும் வந்தது, தூங்கி எழுந்த குழந்தையின் கழுத்தடியில் வருமே, அந்த வாடை. விரலால் அழுத்தினாள். மேல்கையை அழுத்தினால் அமுங்குவது போல அமுங்கியது. அழுத்திய விரலை அவள் எடுக்கவில்லை. அது மெல்லத் திரும்ப அழுத்தியது.

கையை உருவிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். சுத்தமாக இருந்த மேடையைத் துடைத்தாள். வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துவிட்டு வந்தாள். ஹீட் கன்னின் சூட்டுக் காற்றில் காட்டி வளைத்ததில் ஃபோம் இளகியிருக்கும், பசை சரியாகக் காயவில்லை, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும், அலமாரிப் பக்கமிருந்து, புதுச் செருப்பைக் காலில் மாட்டும்போது வருவது போல ஒரு சின்னக் கிறீச் கேட்டது.

மறுநாள் கம்பெனியில் இஸ்திரி போடும் அண்ணனிடம் கேட்டாள். "ஃபோம் சூட்டுக்குச் சுருங்குமா அண்ணே?"

"நல்லாச் சுருங்கும் மாஸ்டர்."

"வெளிப்பக்கம் அப்படியே இருக்கு. உள்பக்கம் மட்டும் சின்னதாயிடுச்சு."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தார். "அது சுருக்கம் இல்ல. உள்ள ஏதோ அடைச்சிருக்கு. எலி கிலி பூந்திருச்சா பாருங்க," என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். 

அன்று சாயங்காலம் குண்டூசி தட்டைத் தொடவில்லை. பள்ளியிலேயே சாப்பிட்டேன் என்றாள். புதன்கிழமையும் அதையேதான் சொன்னாள். பையில் மதியச் சாப்பாட்டு டப்பா கொடுத்தனுப்பியபடியே கனமாக இருந்தது. மகளைக் கட்டிப்பிடிக்கிற சாக்கில் அவள் முதுகைச் சுற்றிக் கையைப் போட்டாள். அவளுக்கு அதுவே டேப். ஞாயிற்றுக்கிழமையை விட இப்போது இரண்டு விரல் குறைவு. விலா எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டியது.

"ஏன்டி சாப்பிட மாட்டேங்கிற?"

"கவசம் பத்தலைல்ல. இன்னும் ரெண்டு நாள்தான்."

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். நான் ஒரு விரல் தள்ளி வெட்டினேன், அது உனக்குப் பெரிசாகத்தான் இருக்க வேண்டும், உன் உடம்பில் ஒரு குறையும் இல்லை. வாயைக்கூடத் திறந்துவிட்டாள். அதற்குள் குண்டூசி தலையை அம்மாவின் தோளில் சாய்த்து, "நீ இல்லன்னா இது முடிஞ்சே இருக்காதும்மா," என்றாள். அந்தத் தலையின் எடை அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. வார்த்தையை விழுங்கிவிட்டாள். பெற்றவளாக இருந்து அவள் செய்த பெரிய தப்பு அதுதான்.

சொல்வதற்குப் பதிலாக, தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். சட்டை பிடித்தால் பிரித்துவிட வேண்டும். தொழிலில் அதுதானே வழி. பக்கிளை மாற்றி வைக்கிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் வெட்டித் திறந்து, பக்கத்துக்கு இரண்டு விரல் அகலத்தில் புதுப் பட்டை ஒட்டினாள். கத்தி போன இடத்தில் ஃபோமின் வெட்டுவாய் ஈரமாக இருந்தது. தண்ணீரில்லை. பசையுமில்லை. பார்க்காமல் ஒட்டி முடித்தாள்.

வெள்ளிக்கிழமை மகள் மாட்டிப் பார்த்தாள். மறுபடியும் கடைசி ஓட்டை.

குண்டூசி கவசத்தைக் கழற்றினாள். சட்டையைத் தூக்கி, ஒட்டிப்போன வயிற்றைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா கவசத்தை வாங்கி அலமாரிக் கதவில் மாட்டினாள். கொடுத்த இடத்தையெல்லாம் அது எடுத்துக்கொண்டுவிட்டது. அன்று சாயங்காலம் முழுக்க அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை. அலமாரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பிடரி கூசியது. பார்த்தபடி உட்கார்ந்தால் இன்னும் மோசம். மகளை அழைத்துத் தன் அறையில் படுக்கச் சொல்லி, கதவைத் தாழ் போட்டு, காலையில் முதல் வேலையாக அதை வெட்டிக் குப்பையில் போடுவதென்று முடிவு செய்தாள்.

காலையில் கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது. அவசர ஆர்டர், மாஸ்டர் இல்லாமல் வெட்டு மேஜை ஓடாது. "நான் வர்ற வரைக்கும் அதைத் தொடாத. நான் வந்து மாட்டி விடுறேன்," என்று மகளிடம் இரண்டு முறை சொன்னாள். குண்டூசி சரி என்றாள்.

அவள் வீடு திரும்பியபோது மணி இரண்டு. வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் தெருவில் அந்த நேரத்துக்கே கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றும்போதே அலமாரிக் கதவில் வெறும் ஹேங்கர் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"குண்டூசி?"

"ம்."

சமையலறை வாசலில் நின்றது. முழுக் கவசம். தலைக்கவசமும் மாட்டி, கையுறையும் மாட்டி. வெள்ளிப் பெயிண்ட் அரைவெளிச்சத்தில் ஈயம் போல மங்கியிருந்தது. அவள் கண் தன் வேலையைத் தானாகச் செய்தது. தோள் அகலம். கை நீளம். உயரம். மணிக்கட்டில் வளர்வதற்காக விட்ட இடம் நிறைந்திருந்தது. தொடையில் விட்டது நிறைந்திருந்தது. தலைக்கவசம் கதவுச் சட்டத்தைக் கிட்டத்தட்டத் தொட்டது. தன் மகளுக்கு அந்தக் கதவில் ஒரு முழம் மிச்சம் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"கழட்டுடி."

"வரலம்மா."

குரல் மகளுடையதுதான். ஆனால் தலைக்கவசத்திலிருந்து வரவில்லை. கீழே, மார்புத் தகடுக்குப் பின்னாலிருந்து, போர்வைக்குள் பேசுவது போல வந்தது. குரல் வந்த பிறகே தலைக்கவசம் மெல்லச் சாய்ந்தது. கீழே என்ன பேச்சு என்று கேட்பது போல.

"எப்படி மாட்டின? எதுக்கு மாட்டின?"

"நான் மாட்டலம்மா. மார்ப மட்டும்தான் போட்டேன். காலைல இருந்து சாப்பிடல, இப்ப பத்தும்னு... அப்புறம் இருட்டாயிடுச்சு."

அவள் பையிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள்.   கிட்டே போனாள். சூடு. அந்தக் குழந்தைக் கழுத்து வாடை. இரண்டு மூச்சு கேட்டது. ஒன்று சின்னது, வேகமானது. இன்னொன்று நிதானமானது.

"அம்மா, ரொம்பப் பிடிக்குது. நான் என்ன பண்றது, சாப்பிடவே இல்லையே."

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. அந்தச் சூடான தகட்டின் மேல் நெற்றியை வைத்து அழுதாள்.

"உன் மேல தப்பில்லடி. நான் கோட்டுல வெட்டல. ஒரு விரல் தள்ளி வெட்டிட்டேன். வளர்ற புள்ளைக்கு வெட்டின பழக்கம். கேட்டப்ப பொய் சொல்லிட்டேன். மறுபடி பேசாம போயிடுவியோன்னு பயம்."



"அப்ப நான் குண்டாகலையாம்மா?"

"இல்லடி என் தங்கமே. இல்லவே இல்ல."

"இது எனக்குப் பெரிசா?"

"ரொம்பப் பெரிசு."

சின்ன மூச்சு நின்றது.

"அப்ப இங்க என்கூட இருக்கிறது யாரு?"

அவள் கத்தரிக்கோலைப் பக்கவாட்டில் குத்தினாள். அக்குளிலிருந்து இடுப்புவரை. பட்டை பிரிந்தது. ஃபோம் விரிந்தது. ஃபோமுக்கும் மகளின் சட்டைக்கும் நடுவே, எங்கும் ஒரே சீராக, அவள் தள்ளி வெட்டிய அகலத்துக்கு, தோல். வெளுத்த, மயிர்க்கால் விட்ட, ஏறி இறங்கும் தோல். அதன் கிழிசல் வழியே மறுபக்கத்தில் சட்டைத் துணி கொஞ்சம் தெரிந்தது. ஒரு சின்ன விரல் நுனி தெரிந்தது. அவள் அதைப் பிடிக்கக் கையை நீட்டினாள். தொட்டும்விட்டாள். தோல் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தது. விரல் நுனி இல்லை.

"குண்டூசி."

அவள் அந்தத் தோலை அழுத்திப் பிரிக்கப் பார்த்தாள்.

"குண்டூசி!"

இப்போது ஒரே மூச்சுதான். நிதானமானது. வெட்டுவாயில் அந்தத் தோல் பிதுங்கி, வெள்ளிப் பெயிண்ட் பூசிய ஃபோமை இன்னும் விரித்தது. அதற்குக் கவசம் பத்தவில்லை என்பது அங்கே நன்றாகத் தெரிந்தது.

தலைக்கவசம் அவளைப் பார்த்துக் குனிந்தது. மகளின் குரல் இந்த முறை அதன் வாயிலிருந்தே வந்தது. தெளிவாக. அன்பாக.

"இன்னும் கொஞ்சம் விட்டு வெட்டும்மா."

சொல்லிவிட்டு அது கதவுச் சட்டத்துக்கு வெளியே வந்து, முன்னறை நடுவில், விளக்குக்கு நேர் கீழே போய் நின்றது. கால்களைச் சேர்த்துக்கொண்டது. அளவெடுக்க நிற்கும் பள்ளிப் பிள்ளையைப் போல, இரண்டு கைகளையும் மெல்லப் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு, அவள் டேப்பை எடுத்து வருவதற்காகக் காத்திருந்தது.